குளிர்கிடங்கின் சுருதி

அவளுக்கு அவசரம் என்று பெயர் வைத்தவன் நெட்டை. இருவரும் இளமையில் இருந்த ராக் குழுவில் அவன் கிதார் வாசித்தான், அவள் டிரம்ஸ். எந்தப் பாட்டை எந்த வேகத்தில் தொடங்கினாலும் முடிவதற்குள் அவள் கையில் ஒரு பிடி வேகம் கூடியிருக்கும். பின்னால் நாய் துரத்துகிற மாதிரி இவள் ஓடுவாள், மற்ற மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவர வேண்டும் என்று நெட்டை சொல்வான். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டும் பட்டறையில் இருபது வருடமாக வேலை. அங்கே அவளுடைய பழைய கதை யாருக்கும் தெரியாது. இருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே முதலாளி அவளை அவசரம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். நின்றால் கால் ஆடும். உட்கார்ந்தால் விரல் மேசையைத் தட்டும். டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வாள்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. எரிந்துபோன மோட்டார் வந்தால் கருகிய கம்பியை உருவி எடுத்து, கம்பி உட்காரும் காடிகளைச் சுரண்டிக் காகிதம் வைத்து, எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி உட்காரவைக்க வேண்டும். எண்பத்திரண்டு சுற்று என்றால் எண்பத்திரண்டு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறித் திரும்பி வரும். அவள் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததில்லை. வேகம் வேறு, எண்ணிக்கை வேறு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதை எடுத்துச் சொல்லி வாதாடுகிற ஆள் அவள் இல்லை.

ஒரு திங்கட்கிழமை மதியம் அவளுடைய அண்ணன் மகள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். அந்தப் பெண் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அத்தையோடு உட்கார்ந்து சாப்பிட வருவது வழக்கம்தான், ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வந்ததும் வராததுமாகத் தன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி அத்தையின் காதில் மாட்டினாள்.

“கேளுங்க அத்தை. யாருன்னு சொல்லுங்க.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் கிதார் இழுப்பிலேயே அது நெட்டை என்று தெரிந்தது. பிறகு தன்னுடைய டிரம்ஸ் வந்தது. அதற்குப் பிறகு, குழுவில் பாடிய அண்ணனின் குரல்.

அண்ணன் இறந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஒரு மழைநாளில் சாலை வளைவில் ஒரு லாரி. மகளுக்கு அப்போது எட்டு மாதம். அப்பாவின் புகைப்படங்கள் அவளிடம் இருந்தன. சட்டை ஒன்று இருந்தது. குரல் மட்டும் இல்லாமல் இருந்தது. குழு வெளியிட்ட ஒரே கேசட்டின் பிரதிகள் அண்ணி வீடு மாறிய குழப்பத்தில் எங்கோ போய்விட்டன. அவசரத்திடம் இருந்த ஒன்றை ஒரு பழைய டேப் ரிக்கார்டர் மென்று துப்பிவிட்டது.

இப்போது வேறு ஊரில் ஒரு வங்கி ஊழியர், பழைய ஒலிநாடாக்களைச் சேகரிக்கிறவர், எந்தப் பழைய சாமான் குவியலிலோ அந்தக் கேசட்டைக் கண்டெடுத்திருக்கிறார். கேட்டுவிட்டு அவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். உறையில் இருந்த முகவரியைப் பிடித்து, பழைய அக்கம்பக்கத்தாரை விசாரித்து, கடைசியில் மகளைக் கண்டுபிடித்துவிட்டார். பாட்டுகளைச் சுத்தம் செய்து இசைத்தட்டாகப் போடப்போகிறார். வெள்ளிக்கிழமை தட்டு அச்சிடும் இடத்துக்கு அனுப்புகிறார். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: “அப்பா குரல் இவ்வளவு கனமா இருக்கும்னு நீங்க சொன்னதே இல்லையே அத்தை?”

அவசரம் வாயைத் திறந்தாள். அண்ணன் குரல் கனம் இல்லை. இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி மெல்லிசானது; எப்போது அறுந்துவிடுமோ என்று கேட்பவருக்குப் பயமாக இருக்கும். ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். “ரொம்ப நாளாச்சு கண்ணு” என்று மட்டும் சொன்னாள். அன்று மதியம் இருபது வருடத்தில் முதல்முறையாகச் சுற்றுகளின் எண்ணிக்கை நடுவில் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

குழுவின் பெயர் காத்திருப்போர் பட்டியல். பெயர் வைத்தபோது நால்வருமே ஏதோ ஒரு வேலைக்கு மனுப்போட்டு அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது என்று நெட்டை பிற்பாடு சொல்லிச் சிரிப்பான்.

பேஸ் கிதார் வாசித்தவனின் தாய்மாமா ஒரு குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். மாலையில் சரக்கு ஏற்றி இறக்குவது முடிந்ததும் கிடங்கின் முன்னறையில் பயிற்சி செய்துகொள்ள விட்டார். சுற்றிலும் ஆப்பிள் பெட்டிகள். வரத்து அதிகமாக இருந்தால் பெட்டிகள் கூரை வரை ஏறி டிரம்ஸ் சத்தம் மெத்தையில் குத்தின மாதிரி அமுங்கும். வரத்து இல்லாத மாதங்களில் அதே அறை கோயில் மணிக்கூண்டு போல அதிரும். அடுத்த அறையிலிருந்து குளிர் கசிந்துகொண்டே இருக்கும். அண்ணன் கம்பளிச் சட்டையோடு பாடுவான். அவசரம் வேகம் பிடிப்பதற்கு அந்தக் குளிரும் ஒரு காரணம். வேகமாக அடித்தால்தான் விரல் விறைக்காமல் இருக்கும். இதை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கின் டிரான்ஸ்பார்மர் இருந்தது. நாள் முழுக்க, வருடம் முழுக்க ஒரே ஸ்தாயியில் ம்ம்ம் என்று முனகும். முதல் வாரம் நெட்டை சுருதிக்குழலை ஊதிப் பார்த்துக் கிதாரை முறைப்படி சுருதி சேர்த்தான். அது சரிப்படவில்லை. கிதாரின் சத்தமும் சுவரின் முனகலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒட்டவும் ஒட்டாமல் விலகவும் விலகாமல், விம்மி விம்மிக் காதைக் குடைந்தன. கிடங்கை நிறுத்தச் சொல்ல முடியாது. உள்ளே ஆயிரம் பெட்டி ஆப்பிள். யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் அது கிதாராகத்தான் இருக்க முடியும். நெட்டை சுருதிக்குழலைப் பையில் போட்டுவிட்டு, சுவரில் காதை வைத்துக் கம்பிகளை முறுக்கினான். விம்மல் நின்றது. அறை முழுக்க ஒரே சத்தமாக ஆனபோது நான்கு பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

அன்றிலிருந்து அதுதான் அவர்களுடைய சுருதி. உலகத்தில் எந்த வாத்தியத்திலும் அந்தச் சுருதி கிடையாது. ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ கிடந்தது. அண்ணன் பாடுவதற்கு முன்னால் சுவரில் உள்ளங்கையை வைப்பான். கண்ணை மூடுவான். கை வழியாக ஏறிவந்த சத்தத்தை அப்படியே வாய் வழியாக விடுவான்.

ஒரே ஒரு முறை வாய்ப்பு வந்தது. ஒரு கேசட் கம்பெனிக்காரர் ஏதோ கல்லூரி விழாவில் அவர்களைக் கேட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிட்டார். பக்கவாத்தியத்துக்குத் தன் செலவில் ஒரு கீபோர்டுக்காரரையும் ஏற்பாடு செய்திருந்தார். கீபோர்டுக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. ஒலிப்பதிவாளர் சுருதியை இறக்கச் சொன்னார், இறக்கினார்கள். கம்பிகள் தொளதொளவென்று வேறு யாருடையவோ போல ஆகிவிட்டன. அண்ணன் பழக்கதோஷத்தில் சுவரில் கையை வைத்தான். பஞ்சு வைத்து மெத்தைத்துணி போர்த்திய சுவர் அது. செத்த சுவர். மூன்று தடவை எடுத்தான், மூன்று தடவையும் முதல் வரியிலேயே வழுக்கி விழுந்தான். கம்பெனிக்காரர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகுதான் கடன்வாங்கிய ஒரு டேப் ரிக்கார்டரை ஆப்பிள் பெட்டியின் மேல் வைத்து ஆறு பாட்டுகளை அவர்களே பதிவு செய்தார்கள். கேசட்டாகப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், சொந்தக்காரர்கள் என்பதால். கடைகளில் தூசி வாங்கியது. பிறகு அண்ணன் போனான். அவன் இல்லாமல் சேர்ந்து உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. பேஸ்காரன் வெளிநாடு போனான், நெட்டை பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான், அவசரம் டிரம்ஸை ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டுச் செம்புக் கம்பியைப் பிடித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண் அனுப்பிய பாட்டுகளைத் தன் போனில் கேட்டாள். நன்றாக இருந்தது, அதுதான் தொந்தரவு. சுத்தமாக, நிதானமாக, பெரிய மனிதர்கள் யாரோ வாசித்த மாதிரி இருந்தது. பாட்டைத் தொடங்கிவிட்டுச் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளால் முதலிலிருந்து கடைசி வரை ஞாபகத்திலிருந்தே வாசித்தாள். முடித்துவிட்டுப் போனைப் பார்த்தாள். பாட்டு முடிய இன்னும் ஐந்து வினாடி இருந்தது. மறுபடி வாசித்தாள். ஐந்து வினாடி. மூன்றாவது தடவையும் அதேதான்.

நெட்டைக்கு போன் போட்டாள். அவனும் பாட்டுகளைக் கேட்டிருந்தான். பழைய நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

“நெட்டை, பாட்டு மெதுவா ஓடுது.”

“எந்தப் பாட்டு?”

“ஆறும். நாம வாசிச்ச வேகம் இல்ல அது. நான் வாசிச்சுப் பாத்தேன், அஞ்சு வினாடி மிச்சம் இருக்கு.”

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது, நிற்காத சிரிப்பு. இருமல் வந்துதான் நின்றது.

“அம்மா தாயே. உலகத்துல வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். நீ முந்துறன்னு முப்பது வருசமா நான் கத்துறேன், நீ டேப்பு பிந்துதுங்கற.”

“மூணு தடவையும் அஞ்சேதான்டா.”

“ஒழுங்கா முந்துறன்னு அர்த்தம். இதோ பாரு, அந்த மனுசன் முதல்தடவையா உன்ன நிதானமா வாசிக்க வெச்சிருக்கார். தட்டு உறையில உன்னப்பத்தி என்ன எழுதியிருக்கார் தெரியுமா? அவசரமே இல்லாத டிரம்ஸ்னு. வாயக் குடுத்துக் கெடுத்துக்காத.”

போனை வைத்துவிட்டு அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் என்ன தப்பு? சாட்சி சொல்ல அவள் ஒருத்திதான் இருக்கிறாள். ஊரிலேயே நம்ப முடியாத சாட்சியும் அவள்தான். தன் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. போகட்டும் என்று விட்டுவிடலாம். விட்டால் தட்டில் அவள் நல்ல டிரம்மர். ஆனால் அந்தப் பெண் இனி ஆயுசுக்கும் அப்பா என்று நினைக்கும்போதெல்லாம் அந்தக் கனமான குரலைத்தான் கேட்பாள். அது அவள் அப்பா இல்லையென்றால்? செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் இதிலேயே கிடந்து உழன்றாள். வார்னிஷ் டப்பாவைத் தட்டிவிட்டாள். முதலாளி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

புதன்கிழமை காலை ஒரு பெரிய பம்பு மோட்டார் தயாரானது. சோதனை மேசையில் ஏற்றி, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரைப் போட்டாள். அது ம்ம்ம் என்று முனகத் தொடங்கியது. தினமும் கேட்கிற சத்தம். மூலையில் முதலாளியின் பெரிய ஸ்பீக்கர் இருந்தது. அவர் இன்னும் வரவில்லை. என்ன தோன்றியதோ, தன் போனை அதில் இணைத்து கேசட்டின் கடைசிப் பாட்டைப் போட்டாள். அந்தப் பாட்டு ஒரு டிரம்ஸ் அடி விழுந்ததும் பேஸ் கிதாரின் ஒரே நீண்ட இழுப்பில் தொடங்கும். சுவரின் முனகலிலிருந்தே பாட்டு புறப்படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு.

பேஸ் இழுத்தது. மேசை முனகியது. இரண்டும் சேர்ந்து விம்மின. விம்மி, அடங்கி, விம்மி, அடங்கி.

அவள் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. இருபது வருடமாகக் காயில் கட்டுகிறவளுக்கு இது தெரியாதா? மின்சாரம் எந்தச் சுவருக்குப் பின்னால் ஓடினாலும் ஒரே சத்தத்தில்தான் முனகும். கிடங்கின் டிரான்ஸ்பார்மர் பாடியதும் இந்த மேசை பாடுவதும் ஒன்றே. அதில் ஒட்டித்தான் நெட்டை கம்பியை முறுக்கினான். அப்படியென்றால் அந்தப் பாட்டு இதோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. வேகத்தைக் குறைத்துப் பாட்டின் சுருதியையும் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

அவள் முந்தவில்லை. எழுந்து நின்று பட்டறையை மூன்று சுற்று சுற்றி வந்தாள். பிறகு சேகரிப்பாளருக்குப் போன் போட்டாள்.

அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஆமாம், கேசட் கொஞ்சம் வேகமாக ஓடியது, நூற்றுக்கு இரண்டு பங்கு. நானே கண்டுபிடித்துச் சரிசெய்தேன் என்றார். அவள் விளக்க ஆரம்பித்தாள். கிடங்கு, ஆப்பிள், சுவர், டிரான்ஸ்பார்மர் என்று நான்கையும் ஒன்றாகக் கொட்டினாள். தனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளை மறுநாள் காலை அனுப்புகிறேனே, இப்போது மாற்றுவது சிரமம் என்றார்.

“நாளைக்கு நான் நேர்ல வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

முதலாளி விடுப்பு என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை. யாராவது போய்விட்டார்களா என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் அண்ணன் மகள் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். முதல்நாள் போனில் விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவள் அத்தையோடு சரியாகப் பேசவில்லை. இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பேருந்து நகரத்தின் எல்லையைத் தாண்டியது. அவசரத்தின் விரல்கள் முன் இருக்கையின் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தன.

“நாலு நாளாத்தான் எனக்கு ஒரு அப்பா இருக்கார்” என்றாள் பெண், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “தூங்கும்போதும் காதுல அந்தக் குரலத்தான் போட்டுக்கறேன். உங்களுக்கு அதுவும் பொறுக்கலையா?”

“அது அவன் இல்ல கண்ணு.”

“ரெண்டு பங்குன்னு சொல்றீங்க. நூத்துல ரெண்டு. அதுக்கா இந்த ஓட்டம்?”

“மோட்டார்ல ரெண்டு சுத்து குறைஞ்சா மோட்டார் எரிஞ்சிடும்.”

“அப்பா மோட்டார் இல்ல அத்தை.”

அவசரம் கம்பியிலிருந்து விரல்களை எடுத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, “உனக்குப் புடிச்சிருக்கறது நெசமாவே அவனா இருக்கட்டும்னுதான்” என்றாள். பெண் திரும்பவில்லை. ஆனால் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டவும் இல்லை.

சேகரிப்பாளரின் வீடு மூன்றாவது மாடி. மெலிந்த மனிதர், வங்கிக்குப் போகிற சட்டையிலேயே இருந்தார், அவர்களுக்காக அரைநாள் விடுப்புப் போட்டிருந்தார். அறையின் நான்கு சுவர்களிலும் கூரை வரை நாடாக்கள். மேசையில் கணினி, இரண்டு ஸ்பீக்கர். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். அவர் சொன்ன காரணம் மறுக்க முடியாததாக இருந்தது.

ஒரு ஆள் சுருதி தப்பாகச் சேர்க்கலாம் என்றார். நான்கு பேர், ஆறு பாட்டு, எல்லாமே ஒரே அளவு மேலே இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஒரே அளவுக்குத் தப்பு செய்வார்களா? மாட்டார்கள். ஆகவே தப்பு நாடாவுடையது.

“செய்வோம் சார்” என்றாள் அவசரம். “நாங்க குளிர்கிடங்குகூடச் சுருதி சேத்தோம்.”

இந்தத் தடவை மெதுவாகச் சொன்னாள். சுவரைப் பற்றி, கண்ணை மூடி நிற்கிற அண்ணனைப் பற்றி, பஞ்சு வைத்த கூடத்தில் அவன் வழுக்கியதைப் பற்றி. பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூடத்துக் கதை அவளுக்குப் புதிது. கடைசியில் அவசரம் கேட்டாள்: “பாட்டுக்குப் பின்னால ஒரு முனகல் இருந்துருக்குமே சார். அது எங்க?”

சேகரிப்பாளரின் முகம் மாறியது. “அந்த இரைச்சலா? அதத் தொடைச்சு எடுக்கத்தான் எனக்கு மூணு வாரம் ஆச்சு.”

“அதுதான் சார் சாட்சி.”

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். கைபடாத மூலப்பதிவு அவரிடம் பத்திரமாக இருந்தது. அந்த வகையில் ஒழுங்கான மனிதர். கடைசிப் பாட்டின் ஆரம்பத்தை எடுத்தார். மற்ற பாட்டுகளுக்கு நடுவே நாடாவை மிச்சம்பிடிக்க நெட்டை பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவான். இந்தப் பாட்டுக்கு மட்டும் சீக்கிரமே அமுக்கி ஓடவிட்டிருந்தான். அதனால் பாட்டுக்கு முன்னால் ஏழு வினாடி வெறும் அறை இருந்தது. அதை அவர் வெட்டி ஒதுக்கியிருந்தார்.

முதலில் ஒலியை நிறுத்திவைத்து அளந்தார். திரையில் ஒரு கோடு எழுந்து நின்றது. மின்சாரம் முனகினால் வினாடிக்கு நூறு அதிர்வு இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். கோட்டில் எண்ணை வாசித்தார்: தொண்ணூற்றொன்பதரைக்கு மேல், நூறுக்கு ஒரு மயிரிழை கீழே. பிறகு தான் திருத்திய பதிவை அதே அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொண்ணூற்றேழரை.

“கேசட்டு சரியாத்தான் ஓடியிருக்கு” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான்தான் உங்களையெல்லாம் இழுத்துப் புடிச்சிருக்கேன். மன்னிக்கணும்.”

அவளுக்கு வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கைகள் மடியில் இறுகியிருந்தன. அவசரம் பயந்துபோயிருந்தாள். அண்ணனைக் கூட்டிவருகிறேன் என்று புறப்பட்டாகிவிட்டது. வருகிறவனை அவன் மகளுக்குப் பிடிக்காமல் போனால்?

“போடுங்க சார்” என்றாள் பெண்.

முனகல் அறையை நிரப்பியது. குளிர் வந்தது என்றே அவசரத்துக்குத் தோன்றியது. எங்கோ ஒரு பெட்டி நகர்கிற சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அது நெட்டை. அப்புறம், மைக்கிலிருந்து தள்ளி, சுவரோரத்திலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு குரல் பேசியது.

“அவசரம், கொஞ்சம் பொ—”

டமார் என்று டிரம்ஸ் விழுந்தது. பேஸ் தடுமாறி ஏறிக்கொண்டது. பாட்டு ஓடியது.

பாட்டில் அண்ணன் பாடினான். திருத்தியதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. தெரியாதவர் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதில் பாடியவர் ஒரு பெரிய மனிதர். இதில் பாடுகிறவன் இருபத்தாறு வயதுப் பையன். குளிரில் நடுங்குகிறான், தங்கையின் டிரம்ஸைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடுகிறான். இன்றைக்கு அவன் மகளுக்கும் அதே இருபத்தாறு வயது.

பாட்டு முடிந்தது. டிரம்ஸ் முந்தியிருந்தது, கடைசிப் பத்தியில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடியிருந்தது. அவசரத்துக்கு அது காதில் விழவேயில்லை. அவள் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் பேசி மிஞ்சியது மூன்று சொல். அதில் மூன்றாவதை அவள் முடிக்க விடவில்லை. ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி பொறுத்திருந்தால் போதும்.

“அந்த முன்பகுதிய எடுத்துடுங்க சார்” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. “பாட்டுலேருந்து ஆரம்பிச்சாப் போதும்.”

“வேண்டாம்” என்றாள் பெண். அவள் கன்னம் நனைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. “இருக்கட்டும் சார். இன்னொரு தடவ போடுங்க.”

போட்டார். முனகல், பெட்டி, மூக்கு, குரல், டமார். பெண் இப்போது வாய்விட்டே சிரித்தாள். “எங்கப்பாவப் பேசவே விடமாட்டீங்களா அத்தை?” என்றாள். மறுபடி போடச் சொன்னாள். எத்தனை தடவை என்று அவசரம் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் டமாருக்கு முன்னால் அவளுக்கு மூச்சு நின்றது, இந்தத் தடவை நாடாவில் டிரம்ஸ் வாசிக்கிறவள் பொறுத்துக்கொள்வாள் என்பது போல. நாடாவில் இருந்தவள் பொறுக்கவே இல்லை.

சேகரிப்பாளர் அன்றே எல்லாப் பாட்டையும் பழைய வேகத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். முனகலையும் கொஞ்சம் விட்டுவைக்கிறேன் என்றார். உறையில் எழுதிய வரியைத்தான் என்ன செய்வது என்று சங்கடப்பட்டார். அவசரமே இல்லாத டிரம்ஸ்.

“அந்த ‘இல்லாத’ மட்டும் எடுத்துடுங்க” என்றாள் பெண்.

திரும்புகிற பேருந்து கிளம்ப நேரமாகியது. ஓட்டுநர் கீழே நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையிடமிருந்து போன் வந்தது; விவரத்தைக் கேட்டுவிட்டு, சரி, தட்டிலயும் உன் பின்னால ஓட வெச்சுட்டியா, என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவசரம் டிக்கெட்டை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஓட்டுநரை எட்டிப் பார்த்தாள். விரல்கள் முன் இருக்கையின் கம்பியைத் தேடிப் போயின. அந்தக் கடைசிப் பாட்டுதான். ஆரம்பத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு வினாடி நிறுத்திப் பார்த்தாள். கை கேட்கவில்லை.

அந்தப் பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றாமலே கையை நீட்டி அத்தையின் விரல்களின் மேல் வைத்தாள்.

“கொஞ்சம் பொறு” என்றாள், அப்பாவை மாதிரியே, மரியாதை இல்லாமல், முழுவதுமாக.

பேருந்து அசையவில்லை. அந்தக் கைக்குக் கீழே அத்தையின் விரல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெண் கையை எடுக்கவில்லை.